விளம்பலும் குழூஉக்குறியும்: பூலாம்பாடி வட்டார நோக்கில் விளம்பர வரலாறு

பெரம்பலூர் மாவட்டத்து வேப்பந்தட்டை வட்டத்தில், பச்சைமலைச் சாரலை அடுத்து அமைந்த பேரூர் பூலாம்பாடி. பூலா என்பது ஒரு புதர்ச்செடியின் பெயர். பாடி என்பது முல்லை நிலத்து ஊர்களுக்கு உரியதாக அகப்பொருள் நூலார் கொண்ட சொல். செடியின் பெயரும் குடியிருப்பின் பெயரும் இணைந்து ஊர்ப்பெயர் ஆயிற்று எனக் கொள்ளுதல் பொருந்தும். 1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாக இருந்து, அவ்வாண்டில் பெரம்பலூர் திருவள்ளுவர் மாவட்டம் என்னும் பெயரோடு பிரிந்த நிலப்பரப்பில் இவ்வூர் உள்ளது. அந்நிலப்பரப்பிலிருந்து அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, 2002இல் மீண்டும் இணைக்கப்பெற்று, 2007இல் மறுபடியும் பிரிந்தது. மானாவாரிப் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் இவ்வட்டாரத்தார்க்கு வாழ்வளிக்கும் விளைபொருள்கள். மலேசியா முதலிய நாடுகளுக்குச் சென்று பொருளீட்டுவோர் பலரை உடையது பூலாம்பாடி என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது.

வணிக வரலாறு எழுதுவோர் துறைமுகங்களையும் தலைநகரங்களையுமே பெரிதும் நோக்குவர். பொருள் எங்கே விளைந்தது, எக்கப்பலில் ஏறிற்று, யார் வரி கொண்டார் என்பன அவர்தம் வினாக்கள். அப்பொருளை வாங்கிய ஒருவர், வாங்குவதற்கு முன்னர் அதனைப் பற்றி யாரிடமிருந்து எவ்வாறு அறிந்தார் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. இவ்வினாவைப் பூலாம்பாடி போன்ற ஓர் ஊரில் நின்று எழுப்பின், இன்று கைப்பேசித் திரையில் நிகழும் மாற்றத்தின் தன்மை தெளிவாகும். விளம்பரம் மிகுந்துவிட்டது என்றும், மக்கள் ஆடம்பரத்தை நாடுகின்றனர் என்றும் பலரும் கூறுவர். அவை புதிய கூற்றுகள் அல்ல. அச்சிதழ் தோன்றிய காலத்திலும் அவ்வாறே கூறினர். உண்மையில் மாறியிருப்பது வேறொன்று. அதனைச் சொல்லாராய்ச்சியிலிருந்து தொடங்குவது நலம்.

விளம்பரம் என்னும் சொல்லின் பகுதி விளம்பு. பலர் அறியச் சொல்லுதல் என்பது அதன் பொருள். நாஞ்சில் நாட்டு வழக்கிலும் மலையாளத்திலும் பந்தியில் உணவு பரிமாறுதலையும் இச்சொல் குறிக்கும். பந்தியில் அமர்ந்தோர் அனைவர்க்கும் ஒரே சோறும் ஒரே கறியும் முறையே இடப்படுவதுபோல, தெருவில் நின்றோர் அனைவர்க்கும் ஒரே சொல் சென்று சேர்தல் விளம்பல் என்று இவ்விரு பொருளையும் இணைத்துக் காண இடமுண்டு. இதற்கு மறுதலையாக நம் இலக்கண நூலார் கூறியது குழூஉக்குறி. நன்னூல் உரைகளில் அதற்குக் காட்டும் எடுத்துக்காட்டுகள் மாணாக்கர் அனைவரும் அறிந்தவை: பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பர், யானைப்பாகர் ஆடையைக் காரை என்பர், வேடர் கள்ளைச் சொல்விளம்பி என்பர். உள்ளத்தில் கிடப்பதை ஊரறியச் சொல்ல வைக்கும் பொருளுக்கு, ஊர் அறியாத பெயர் ஒன்றை வேடர் வழங்கினர் என்பது சுவையான முரண். நிற்க. குழுவினர் மட்டும் அறியும் மொழி, ஊரார் அனைவரும் அறியும் மொழி என அங்காடிக்கு இருவகை மொழிகள் என்றும் இருந்தன. விற்போன் வாங்குவோனிடம் பேசும்போது எம்மொழியைக் கையாண்டான் என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

அகநானூற்றில் அம்மூவனார் பாடிய பாட்டு ஒன்றில் (140) உமணர் மகள் ஒருத்தி உப்பு விற்று வருகின்றாள். வளை ஒலிக்கக் கைவீசி நடக்கும் அவள் உப்பின் பெயரையும் அதற்கு ஈடாக வேண்டும் நெல்லின் அளவையும் சேரி கேட்கக் கூவுகின்றாள். அக்குரலைக் கேட்டு மனைநாய் குரைக்கின்றது, அவள் வெருளுகின்றாள். காதற் சுவைக்காகப் பாடப்பட்ட இக்காட்சியில் வணிக வரலாற்றாசிரியன் காண்பது ஒன்றுண்டு. அவள் கூவியது பொருளின் பெருமையை அன்று, விலையை. அவ்விலை முதல் வீட்டார்க்கும் கடைசி வீட்டார்க்கும் ஒன்றே. இரண்டாம் வீட்டில் கூடுதலாகக் கேட்டால் முதல் வீட்டார் கேட்டுக்கொண்டிருப்பர்.

கொடிகளும் இவ்வாறே பயன்பட்டன. காவிரிப்பூம்பட்டினத்தில் கள் விற்கும் மனைகளின் முன் கொடி நின்றதைப் பட்டினப்பாலை காட்டும். மதுரைக்காஞ்சியும் கூடலில் அத்தகைய கொடியைக் கூறும். ஆயினும் ஆராய்ச்சிக்கு மிகப் பயன்படுவது சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் வரும் பொற்கடை வீதியே. சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் எனப் பொன் நால்வகைப்படும். வாங்க வருவோர் இன்னது இன்ன இடத்தில் உள்ளது என அறியாது மயங்காதவாறு, பொன்வகை அறிந்த வணிகர் அங்கே கொடி எடுத்தனர் என்கின்றார் இளங்கோவடிகள். வாங்குவோனின் மயக்கத்தைத் தீர்ப்பது அக்கொடியின் தொழில். இந்திரவிழவு ஊரெடுத்த காதையில் வரும் பண்டப் பொதிகளும் இத்தகையனவே. உடையவர் பெயர் பொறித்த கண்ணெழுத்து அப்பொதிகளின் மேல் இருந்தது. இன்று நாம் வணிகக்குறி என்று வழங்குவதன் பழைய வடிவம் இதுவே எனலாம். அரசன் செய்தியும் இதே முறையில்தான் சென்றது; மணிமேகலையின் விழாவறை காதையில் முதுகுடிப் பிறந்தோன் யானைப் பிடரில் முரசை ஏற்றி நகரெங்கும் விழாவினை அறிவிக்கின்றான்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் சண்டேசுவரப் பெருவிலை, இராசராசப் பெருவிலை என்னும் தொடர்கள் வருகின்றன. கோயில் நிலத்தையும் அரசு கைக்கொண்ட நிலத்தையும் ஏலமுறையில் விற்றதை அவை குறிக்கும். விற்கப் பெற்ற விலையைக் கோயிற்சுவரிலேயே வெட்டிவைத்தனர். இன்று அரியலூர் மாவட்டத்தில் உள்ள கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட மன்னர் காலத்திலும் கோயிற்சுவர் இவ்வாறு ஊராரின் பொதுப் பதிவேடாக நின்றது.

இவற்றைக் கொண்டு பழங்காலத்து வணிகம் முழுதும் வெளிப்படையானது என்று முடிவு கட்டுதல் தவறு. மாட்டுச் சந்தையில் தரகர் துண்டால் கையை மூடிக்கொண்டு விரல்களைத் தொட்டு விலை பேசும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. சுற்றி நின்றோர்க்கு முகங்கள் தெரியும், விலை தெரியாது. மாட்டை விற்கும் உழவன் தன் மாட்டிற்கு எவ்வளவு மதிப்பு என்பதை அடுத்தவன் பெற்ற விலையைக் கொண்டு அறிய இயலாதவாறு அத்துண்டு தடுத்தது. எனினும் அத்துண்டுக்கு வெளியே சந்தை முழுதும் திறந்திருந்தது. எந்த மாடு, எத்தனை பல், எவ்வளவு கறவை என்பன யாவரும் கண்டு பேசியவை. மறைக்கப்பட்டது விலை ஒன்றே.

ஊரறிய விளம்பிய பறையின் மறுபக்கத்தையும் கூறாது விடுதல் அறமன்று. தண்டோராப் போடும் தொழில் ஒடுக்கப்பட்ட சாதியினர் மேல் சுமத்தப்பட்ட ஊழியமாகவே பல ஊர்களில் இருந்தது. ஊர் முழுதும் கேட்கக் கூவியவர், அவ்வூரின் தெருக்கள் அனைத்திலும் தடையின்றி நடக்க உரிமை பெறாதவராக இருந்தார். ஒலிபெருக்கி வந்து பல்லாண்டு கடந்தும் அவ்வழக்கம் ஒழியவில்லை. தண்டோராவைத் தவிர்க்குமாறு தமிழக அரசின் தலைமைச் செயலர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியது 2022ஆம் ஆண்டு ஆகஸ்டில்தான். பொதுவில் சொல்லுதல் என்னும் மரபைப் போற்றுவோர் அதன் செலவை யார் தாங்கினர் என்பதையும் உடன் எழுதல் வேண்டும்.

பறைக்குப் பின் வந்தது தாள். திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கத்துக் கோயிற்சுவரிலும் 1801 சூனில் மருது பாண்டியர் ஒட்டச் செய்த அறிக்கை, இப்பகுதி மக்கள் சுவரில் கண்ட தொடக்ககால அரசியல் விளம்பரங்களுள் தலையாயது. வணிக விளம்பரம் பெருகியது நூற்றாண்டின் இறுதியில். சுதேசமித்திரன் 1882இல் வார இதழாகத் தோன்றி 1899இல் நாளிதழாயிற்று. அமிருதாஞ்சனம் 1893இல் பம்பாயில் காசிநாதுனி நாகேசுவரராவால் தொடங்கப்பெற்றுப் பின்னர்ச் சென்னைக்கு வந்தது. அக்காலத் தமிழ் இதழ்களின் விளம்பரப் பக்கங்களைப் புரட்டுவோர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கும். தலைவலி, தாதுபலம், நரை, பேய்ப்பயம் எனச் செய்திப் பக்கத்தில் காணாத மக்களின் அச்சங்கள் எல்லாம் அங்கே வரிசை வரிசையாக நிற்கும். தலையங்கத்தினும் விளம்பரமே அக்கால மனத்தை நன்கு காட்டுகின்றது என்பது மிகையன்று.

பட்டணத்துப் பொருளை ஊர்ப்புறத்தார் பெற்ற வழி வி.பி.பி. அஞ்சல். அஞ்சல்காரரிடம் பணம் கொடுத்துப் பொதியைப் பெறும் அம்முறை, இன்று இணைய வணிகத்தில் பொருள் கையில் வந்தபின் பணம் தரும் முறையின் முன்னோடி. ஃபிளிப்கார்ட் 2010இல் இம்முறையைக் கொணர்ந்தபோது அதனைப் புதுமை என்று பலர் பாராட்டினர். நம் பாட்டனார்க்கு அது பழகிய வழி. அஞ்சல்வழி வணிகமும் விளம்பர முகமையும் நடத்தி வந்த எஸ்.எஸ். வாசன் 1928இல் ஆனந்த விகடனை விலைக்கு வாங்கினார் என்னும் செய்தி, தமிழிதழியலும் விளம்பரத் தொழிலும் எத்துணை நெருங்கியவை என்பதைப் புலப்படுத்தும். விளம்பரம் தேடித் திரிந்தவர் இதழாசிரியரானார்; பின்னர் ஜெமினி நிறுவனத்தின் வழியாகத் திரைப்பட உலகையும் ஆண்டார்.

மருந்து விளம்பரங்களில் பொய் மலிந்திருந்தது. ஆயினும் அப்பொய் அச்சில் நின்றது. படித்தவர் அதனைப் படியாதவர்க்குத் திண்ணையில் படித்துக் காட்டினர். வாங்கி ஏமாந்தவர் அதே திண்ணையில் பேசினர். மருத்துவர் மறுத்து எழுதினர். சட்டமன்றத்தார் அவ்விதழ்களையே சான்றாகக் காட்ட இயன்றது. மாயமருந்து விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் 1954இல் நடுவணரசால் இயற்றப்பட்டதற்கு இப்பொதுமை ஒரு காரணம் என்பது எம் கருத்து. கண்ணுக்குத் தெரியும் பொய்யைத்தான் சட்டம் பிடிக்க இயலும்.

திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939 மே 16ஆம் நாள் தொடங்கியது. அகில இந்திய வானொலி வணிக விளம்பரத்தை ஏற்கத் தொடங்கியது 1967 நவம்பரில்தான். அதற்கு முன்னரே தமிழக வணிகர் கடல் கடந்து இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பை நாடினர். கோபால் பற்பொடி விளம்பரம் அவ்வழியே வந்து ஒரு தலைமுறையின் காதில் நிலைத்துவிட்டது. ஊராட்சி வானொலியைச் சூழ்ந்து மக்கள் அமர்ந்து கேட்ட காலம் அது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தோன்றியது. ஊராட்சித் தொலைக்காட்சி அறையில் மீண்டும் அதே கூட்டம். சன் தொலைக்காட்சி 1993இல் வந்தது. 2006 முதல் தமிழக அரசு இல்லந்தோறும் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி வழங்கியபோது கூட்டம் கலைந்து வீடுகளுக்குள் சென்றது. கலைந்தும் கேட்டது ஒன்றே. ஒரே விளம்பரம் ஒரே நேரத்தில் தெருவின் எல்லா வீடுகளிலும் ஒலித்தது.

நுகர்வுப் பழக்கத்தின் வரலாற்றில் இவ்விடைக்காலத்துக்குரிய பெரிய நிகழ்ச்சி தொலைக்காட்சியன்று, சிற்றுறை என்பேன். இப்பகுதிப் பெண்கள் தலைமுழுகச் சீயக்காயையும், உசில் இலையை உலர்த்தி இடித்த அரப்பையும் பயன்படுத்தினர். புட்டியில் விற்ற ஷாம்பு நகரத்தார் பொருள். அதன் விலையைக் கூலியாள் ஒருவர் ஒரே நாளில் எடுத்து வைத்தல் இயலாது. கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன் அதனைச் சிறு நெகிழி உறையில் அடைத்து விற்கும் முறைக்கு வழிகாட்டினார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் சிக் என்னும் பெயரில் தனித்தொழில் தொடங்கினார். ஒரு தலைக்கு ஒரு முறை என்னும் அளவும், கையிலுள்ள சில்லறைக்குள் அடங்கும் விலையும் சிற்றூர்ப் பெட்டிக்கடையின் முகத்தையே மாற்றின. கடையின் முன் தோரணமாகத் தொங்கிய சிற்றுறைச் சரமே அதன் விளம்பரம். பொற்கடை வீதியின் கொடிக்கு இதனை ஒப்பிடல் தகும். பொருளே தன்னை அறிவித்தது.

அத்தொழிலில் கையாண்ட ஓர் உத்தி நம் ஆய்வுக்கு மிக இன்றியமையாதது. வெற்று உறை ஐந்தினைத் திருப்பிக் கொடுத்தால் சிக் உறை ஒன்று இலவசம் என்றனர். முதலில் எந்நிறுவனத்து உறையாயினும் ஏற்றனர். பின்னர்த் தம் உறையை மட்டுமே ஏற்றனர். இது வாடிக்கையாளரைக் கவரும் வழி மட்டுமன்று. எவ்வூரில் எவ்வுறை மிகுதியாகக் கிழிக்கப்படுகின்றது என்பதைத் திரும்பி வந்த குப்பையே காட்டியிருக்கும். விற்போன் வாங்குவோனைப் பற்றி அறிந்துகொள்ளும் வேட்கை அவ்வெற்று உறைகளிலேயே தொடங்கிவிட்டது எனலாம். ஆயினும் ஊரின் கணக்கே அதில் தெரிந்தது. ஒருவர் தனியே இன்னார் என்று தெரியவில்லை.

இனி எண்ணிமக் காலத்துக்கு வருவோம். டிஜிட்டல் என்னும் சொல் தமிழக ஊர்ப்புறங்களில் முதலில் நிலைபெற்றது கணினியால் அன்று, கணினியில் அச்சிட்ட நெகிழித் தட்டிகளால். காதுகுத்து, திருமணம், நினைவஞ்சலி, தலைவர் வருகை என எல்லாவற்றிற்கும் டிஜிட்டல் பேனர் என்பதே பேச்சு வழக்காயிற்று. சுவரெழுத்துக் கலைஞர் பலர் தூரிகையை வைத்துவிட்டு அச்சகத்துக் கணினி முன் அமர்ந்தனர். சிலர் வேறு தொழில் தேடினர். இத்தட்டியைக் குறைகூறுவோர் பலர். எனினும் அது தெருவில் நின்றது. கண்டவர் அனைவர்க்கும் ஒரே முகத்தைக் காட்டியது. விளம்பல் மரபின் கடைசிக் கொழுந்து அது.

2016ஆம் ஆண்டு மூன்று நிகழ்ச்சிகளால் குறிக்கத்தக்கது. ஏப்ரலில் யு.பி.ஐ. என்னும் பணமாற்று முறை அறிமுகமாயிற்று. செப்டம்பரில் ஜியோ நிறுவனம் தொழில் தொடங்க, இணையத் தரவின் விலை சரிந்தது. நவம்பர் 8ஆம் நாள் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்கள் செல்லாவென அறிவிக்கப்பட்டன. இம்மூன்றும் கூடித் திறன்பேசியைச் சிற்றூரின் அங்காடியாகவும் பணப்பெட்டியாகவும் ஆக்கின. விளம்பரமும் அவ்வழியே திரும்பிற்று. இந்திய ஊடகத்துறையில் எண்ணிம ஊடகம் தொலைக்காட்சியை 2024இல் முதன்முறையாக முந்திற்று என ஃபிக்கி, இ.ஒய். ஆகிய அமைப்புகளின் கூட்டறிக்கை கூறுகின்றது.

இப்புதிய விளம்பரம் இயங்கும் முறையைச் சுருங்கக் கூறுதல் வேண்டும். ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு பக்கத்தைத் திறக்கின்றார். அப்பக்கத்தில் விளம்பரத்துக்கென விடப்பட்ட இடம், ஒரு நொடியினும் குறைந்த பொழுதில் ஏலத்துக்கு வருகின்றது. ஏலம் கேட்பவை விளம்பரதாரர் சார்பில் இயங்கும் கணிப்பொறிகள். திறந்தவர் எவ்வூரினர், முன்பு எவற்றைத் தேடினார், எதில் எத்துணைப் பொழுது நின்றார் என்பன போன்ற குறிப்புகளை வைத்து அவை விலை கேட்கின்றன. வென்றவரின் விளம்பரம் திரையில் தோன்றுகின்றது. சோழர் காலப் பெருவிலையில் நிலம் ஏலம் போயிற்று. ஊர் அறிந்தது, கல்லில் எழுதிற்று. இவ்வேலத்தில் பொருளாக வைக்கப்படுவது பார்ப்பவரின் கவனமே. ஏலம் நடந்தது அவர்க்குத் தெரியாது. ஏலத் தொகை அவர்க்கு வருவதுமில்லை.

இதன் விளைவை ஓர் எளிய எடுத்துக்காட்டால் விளக்கலாம். உடன்பிறந்தார் இருவர், ஒருவர் பூலாம்பாடியில் பருத்தி பயிரிடுகின்றார், மற்றவர் மலேசியாவில் பணிபுரிகின்றார் எனக் கொள்வோம். ஊர் திரும்பும் உறவினர் கொண்டுவரும் கோடாலித் தைலம் போன்ற பொருள்கள் விளம்பரத்தின் வழியாக இவ்வட்டாரத்தில் பெயர் பெற்றன அல்ல. கொண்டுவந்தவர் சொல் ஒன்றே அவற்றுக்குச் சான்று. இலங்கை வானொலி ஒலித்த காலத்தில் ஊரிலிருந்தவர் அனைவரும் ஒரே பற்பொடியைப் பற்றிக் கேட்டனர். இன்று அவ்விருவரும் ஒரே பாட்டை ஒரே வேளையில் யூடியூபில் கேட்பினும், பாட்டிற்கு முன் வரும் விளம்பரம் இருவர்க்கும் வெவ்வேறு. ஒருவர்க்கு உடனடிக் கடன் தரும் செயலி, மற்றவர்க்குச் சென்னைப் புறநகர் வீட்டுமனை. அண்ணன் கண்டதைத் தம்பி அறியார். அடுத்தடுத்த திண்ணையில் அமர்ந்த இருவர்க்கும் இஃது ஒக்கும். விளம்பரம் குழூஉக்குறி ஆயிற்று. அதுவும் ஒருவரே உறுப்பினரான குழூஉ. பழைய குழூஉக்குறியில் மொழி மறைந்திருந்தது, குழுவினர் தாம் இன்ன குழுவினர் என்பதை அறிந்திருந்தனர். இங்கோ மொழி தெளிவாக உள்ளது. தாம் எக்குழுவில் வைக்கப்பட்டோம் என்பதே உறுப்பினர்க்குத் தெரியாது.

மாட்டுச் சந்தைத் துண்டை மீண்டும் நினைவுகூர்தல் பயன்தரும். அத்துண்டுக்குள் இரு கைகள் இருந்தன. இரண்டும் சமமாகத் தொட்டறிந்தன. இத்துண்டுக்குள் ஒரு கை மற்றதன் ரேகைகளை எல்லாம் முன்னரே படித்திருக்கின்றது.

கெடுதல் மட்டுமே விளைந்தது எனக் கூறின் அது நேர்மையான ஆய்வாகாது. பூலாம்பாடிக்கு அண்மையிலுள்ள அரும்பாவூரை எடுத்துக்கொள்வோம். வாகை, மா, வேம்பு முதலிய மரங்களில் தெய்வ உருவங்களும் வாகனங்களும் செதுக்கும் தச்சர் வாழும் ஊர் அது. அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இக்குறியீட்டினும் பொருத்தமாகப் பொற்கடை வீதிக் கொடிக்கு ஒப்புக்கூறத்தக்கது இக்காலத்தில் இல்லை. இன்ன பொருள் இன்ன இடத்தது என மயக்கம் தீர்ப்பதே அதன் வேலை. தச்சர் ஒருவர் தாம் செதுக்கிய உருவத்தைப் படமெடுத்துக் கைப்பேசி வழியே தொலைவிலுள்ள கோயிலார்க்கு அனுப்பி, இடைத்தரகர் இன்றி விலை பேச இன்று இயலும். முன்னைத் தலைமுறைக்கு அது வாய்க்கவில்லை. ஆனால் அதே படத்தை எடுத்து, அரும்பாவூர் என்னும் பெயரையும் இட்டு, எங்கோ பொறியில் கடைந்த உருவத்தை ஒருவர் விற்க முற்பட்டால், அவ்விளம்பரம் அரும்பாவூர்த் தச்சரின் திரைக்கு வரவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. தம் பெயரால் நடக்கும் பொய்யைத் தாமே காண இயலாத நிலை அது. கொடி உண்டு, அதன் கீழ் யார் நிற்கின்றார் என்று பார்க்கத் தெரு இல்லை.

சட்டம் இதனை ஓரளவு உணர்ந்திருக்கின்றது. 1986இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாற்றாக 2019இல் புதிய சட்டம் வந்தது. தவறான விளம்பரங்களைத் தடுக்கும் நெறிமுறைகள் 2022இலும், வாங்குவோனை அவனறியாது வளைக்கும் திரையமைப்புகள் பதின்மூன்றனைப் பெயர் சுட்டித் தடுக்கும் நெறிமுறைகள் 2023 நவம்பரிலும் வெளிவந்தன. தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 2023ஆம் ஆண்டினதே. ஆயினும் இவை அனைத்தும் முறையீடு செய்யும் ஒருவரை வேண்டி நிற்பவை. இருநூறு பேர் ஒரே பொய்யால் ஏமாந்தும், ஒவ்வொருவரும் தாம் ஒருவரே ஏமாந்ததாக நாணி அடங்கினால் முறையீடு எழாது. திண்ணையில் அமர்ந்து சிரித்துப் பேசிய இதழ்க்கால ஏமாற்றத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இவற்றிடையே ஊர்க்கடைகளில் கேட்கும் ஓர் ஒலியைக் குறிப்பிடாது விட மனமில்லை. தேநீர்க் கடையில் ஒருவர் கைப்பேசியால் பணம் செலுத்தியதும், கடைக்காரர் அருகிலுள்ள சிறு ஒலிப்பெட்டி இத்தனை ரூபாய் வந்தது என்று உரக்கக் கூறுகின்றது. பொய்யான திரையைக் காட்டி ஏமாற்றுவோரைத் தடுக்க எழுந்த கருவி அது. கடைக்காரர் அதனை விரும்புவதன் காரணம் வெளிப்படை: பணம் வந்தது கடையில் நின்றோர் அனைவர்க்கும் கேட்க வேண்டும். கருவியின் வழியே பணம் வாங்கினும் ஊராரின் காதைச் சான்றாக வேண்டும் பழைய வழக்கம் அவரிடம் மாறவில்லை. உமணர் மகள் கூவியதுபோலவே இங்கும் ஒலிப்பது விலை. ஒரு வேறுபாடு: அவள் விற்கு முன் கூவினாள், இப்பெட்டி விற்ற பின் கூவுகின்றது.

ஆராய்ச்சியாளர்க்கு உரிய இடர் ஒன்று எஞ்சியுள்ளது. நூறாண்டுக்கு முற்பட்ட மருந்து விளம்பரத்தை நாம் இன்று படிக்க முடிவது இதழ்கள் எஞ்சியமையால். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் நூல்களோடு நாடக நோட்டீசுகளையும் திருமண அழைப்புகளையும் தொகுத்துவைத்தமையால், சென்னையில் அவர் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நூலகத்தில் அவற்றைக் காண்கின்றோம். வேண்டாத் தாள் என்று பிறர் எறிந்ததை அவர் எடுத்துவைத்தார். கைப்பேசித் திரையில் ஒருவர்க்கென மூன்று நொடி தோன்றி மறையும் விளம்பரத்தை எடுத்துவைப்பார் யார்? 2019 மக்களவைத் தேர்தலையொட்டி அரசியல் விளம்பரங்களுக்கு மட்டும் கூகுளும் முகநூலும் பொதுப் பதிவகம் அமைத்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இயற்றிய எண்ணிமச் சேவைச் சட்டம், பெருநிறுவனங்கள் தாம் காட்டும் எல்லா விளம்பரங்களையும் பதிவகத்தில் வைக்க வேண்டும் என்கின்றது. இந்தியாவில் வணிக விளம்பரத்துக்கு அத்தகைய கட்டாயம் இல்லை.

அதுவரை பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகள் செய்யக்கூடியது சிறிது உண்டு. வட்டார வழக்குச் சொற்களைத் திரட்ட மாணாக்கரை ஊர்களுக்கு அனுப்பும் வழக்கம் நம்மிடையே உள்ளது. பூலாம்பாடியிலோ அதனையொத்த வேறோர் ஊரிலோ, இசைவு தருவோர் பத்துப் பேரின் கைப்பேசியில் ஒரு வாரத்தில் தோன்றும் விளம்பரங்களை, பெயரையும் எண்ணையும் நீக்கி, நாளும் வேளையும் குறித்துப் படியெடுத்து வைக்கலாம். ஒரே தெருவின் பத்துத் திரைகளை அருகருகே வைத்துப் பார்க்கும்போது, யார்க்குக் கடனும் யார்க்கு நகையும் யார்க்கு மருந்தும் காட்டப்பட்டன என்பது தெரியவரும். பெட்டிக்கடைச் சிற்றுறைச் சரத்தையும், நெகிழித் தட்டியையும், இன்னும் அழியாது சில சுவர்களில் எஞ்சியுள்ள பழைய வண்ண எழுத்தையும் அதே வாரத்தில் படமெடுத்துச் சேர்த்தல் வேண்டும். சுவரெழுத்து மழைக்கும் வெள்ளையடிப்புக்கும் தப்பி ஓரிரு ஆண்டு நிற்கும். திரையில் தோன்றுவதை அன்றே எடுத்தாக வேண்டும்.